சிக்னல் மூலை

மாடியின் கிழக்கு மூலையில் மட்டும்தான் சிக்னல். அதுவும் போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால்.

பிடித்துக்கொண்டு நின்றது திலகாவின் அப்பா சாம்சன். நடவு வயலிலிருந்து நேராக மாடிக்கு வந்திருந்தார். கணுக்காலில் சேறு காய்ந்துகொண்டிருந்தது.

திரைக்குள் மூன்று டாக்டர்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. அவசர சிகிச்சைப் பிரிவில் ஃபெல்லோஷிப் மேற்பயிற்சிக்குத் திலகாவுக்கு நேர்காணல். சீட்டு இரண்டே இரண்டு.

திலகாவும் டாக்டர்தான். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. பாம்புக்கடி பார்த்திருக்கிறாள், டிராக்டருக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறாள். அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. மார்க்‌ஷீட்டைத்தான் புரட்டினார்கள்.

நடுவில் இருந்த தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். இரண்டாம் வருஷம் ஏன் ஃபெயில்? பி.ஜி. நுழைவுத் தேர்வில் ஏன் இவ்வளவு கம்மி?

உண்மையான காரணத்தில் உப்புமில்லை, சப்புமில்லை. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவளுக்கு மருத்துவக் கல்லூரியின் தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் புரியவில்லை. புரிந்தபோது பரீட்சை முடிந்திருந்தது.

சீனியர் முஸ்கான் முன்பே எச்சரித்திருந்தாள். "புரியலன்னு மட்டும் வாயத் தொறக்காத. வூட்ல யாராவது செத்தாங்கன்னு சொல்லு. சாவு இருந்தா மார்க் கொறஞ்சதுக்கு மரியாத கெடைக்கும்."

திலகாவுக்கு ஆத்திரம் வந்தது. அன்று முழுக்க வந்தது. அப்புறம் யாரைக் கொல்வது என்று யோசித்தாள். அம்மாவைச் சாகடிக்க மனம் வரவில்லை. அப்பா சரிப்பட்டார்.

ஆங்கிலத்தில் கொல்வதாகத்தான் திட்டம். சாம்சனுக்கு ஆங்கிலம் தெரியாது. வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

முதல் வாக்கியத்திலேயே நாக்குக் குழறியது. தலைவருக்கு இரக்கம் வந்துவிட்டது. இரக்கப்படுகிறவர்களிடம் இதுதான் தொல்லை.

"பரவால்லம்மா. தமிழ்லயே சொல்லுங்க."

போனுக்குப் பின்னால் அப்பாவின் முகம். அதைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தாள்.

"அந்த வருஷம் எங்கப்பா இறந்துட்டாரு, சார்."

சாம்சன் கண் கொட்டவில்லை. போனும் அசையவில்லை.

"அடடா. எப்படிம்மா?"

எப்படி என்பதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. சுகாதார நிலையத்துக்கு அடிக்கடி வந்து சேரும் சாவு ஒன்று வாயில் வந்தது.

"நடவுல இருக்கும்போதே நெஞ்சக் கரிச்சிருக்கு, சார். கேஸ் ட்ரபுள்னு நெனச்சி பெட்டிக்கடையில சோடா வாங்கிக் குடிச்சிருக்காரு. தாடையில வலி. எடது கை மரத்துப் போயிருக்கு. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போவாங்கன்னு வூட்ல சொல்லல."

போன் ஆடத் தொடங்கியது.

இரண்டு கையாலும் பிடித்திருந்த அப்பா இப்போது வலது கையால் மட்டும் பிடித்திருந்தார். இடது கை சும்மா தொங்கியது. சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

கோபம், என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கும் கோபம் வந்தது. உயிரோடு இருந்து ஒரு மார்க் வாங்கித் தர முடியாத மனுஷன், செத்தாவது தரட்டுமே.

தலைவர் முதல்முறையாக மார்க்‌ஷீட்டை ஒதுக்கி வைத்தார்.

"சரி டாக்டர். அந்த மாதிரி ஒருத்தர் இப்ப உங்க முன்னாடி நின்னா, மொதல்ல என்ன செய்வீங்க?"

சாம்சன் போனுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினார். திரைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, காலைல நான் சோடா குட்ச்சத உனுக்கு யாரு சொன்னா?"

திலகா அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். காற்று வீசுகிற மாடியில் நெற்றி முழுக்க வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

"உக்காரு. நடக்காத. பேசாத."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார். போனை மட்டும் இறக்கவில்லை. சிக்னல் போய்விடும் என்று தலைக்கு மேலே தூக்கியே வைத்திருந்தார்.

திரைக்குள் இருந்த தலைவர் தலையாட்டினார்.

"கரெக்ட். அடுத்து?"

ஆஸ்பிரின் கீழே பையில் இருந்தது. அதற்கும் முன்னால் 108. அப்பாவின் பட்டன் போன் வயலில் அம்மாவிடம். இங்கே இருப்பது இந்த ஒரு போன், இந்த ஒரு மூலை.

அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"வாணாம்மா. சார் கேட்டுக்கினு கீறாரு பாரு," என்றார் சாம்சன். "பதில சொல்லு."

திலகா மூன்று டாக்டர்களையும் கட் பண்ணினாள்.