வெறுங்கை

தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம்.

புதுச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெடிக் குப்பைக்குள் கால் வைத்து நடந்தாள். இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா. உள்ளே அதிரசம்.

நல்ல நாளும் அதுவுமாக வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறக் கூடாது. அது அம்மாவின் சட்டம்.

அந்த அம்மாவுக்காகத்தான் ஒரு வாரமாகப் பாகோடு மல்லுக்கட்டியிருந்தாள். முதல் தடவை போட்டது எண்ணெயில் பிரிந்துபோனது. அடுத்த தடவை போட்டதைக் கடிக்கப் பல் போதவில்லை. "இத எதுக்குக் கொண்டு போற, உங்கப்பா மேல எறியவா?" என்று புருஷன் கேலி செய்தான். அதற்கப்புறம் போட்டதுதான் தேறியது.

அவன் தெருமுனையிலேயே பைக்கோடு நின்றுகொண்டான். அவன் வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வேறு சாதிக்காரனான அவனைக் கட்டிக்கொண்ட அன்றுதான் அப்பா கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். "தலைமுழுகிட்டேன். இனிமே அவ இந்த வீட்டுக்கு வெளியாள்" என்று தெரு கேட்கச் சொன்னார். இருந்தது ஒரே பெண்.

நாலு தீபாவளி போய்விட்டது.

பெத்த மனம் பித்தாம். அதை நம்பித்தான் வந்திருந்தாள். அப்பா கதவைச் சாத்தட்டும். அம்மா எப்படியும் ஜன்னல் வழியாகவாவது ஓர் அதிரசத்தை வாங்கி, ஓரத்தைக் கடித்துப் பார்த்து, "பாகு முத்திப் போச்சுடி" என்று சொல்லாமல் இருக்க மாட்டாள். அந்த ஒரு குறையைக் கேட்டால் போதும் அவளுக்கு.

வீடு வந்தது.

நின்றாள்.

வாசலில் காகிதம் இல்லை.

இந்தப் பக்கத்து வாசலிலும் குப்பை, அந்தப் பக்கத்து வாசலிலும் குப்பை. நடுவில் அவர்கள் வாசல் மட்டும் வெறும் சிமெண்டாகக் கிடந்தது. காற்று கொண்டுவந்து போட்டதைக்கூட யாரோ கூட்டித் தள்ளியிருந்தார்கள். கோலமும் இல்லை.

வெடி விஷயத்தில் அப்பா சின்னப் பிள்ளை. தெருவில் முதல் வெடி அவருடையதாகத்தான் இருக்கும். கோபம் வந்தால் சோற்றை விடுவார், சரத்தை விட மாட்டார்.

பண்டிகை இல்லாத வீடு.

சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீடு.

அங்கே இருந்தது இரண்டே பேர்.

அப்பா போயிருந்தால் அம்மா இன்றைக்குக் கோலம் போட மாட்டாள். அம்மா போயிருந்தால் கோலம் போட ஆளே இல்லை.

அப்பாவாக இருக்கட்டும்.

நினைத்துவிட்டாள். நினைத்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று உறைத்தது. உடம்பு கூசியது. ஆனாலும் அதை மாற்றி நினைக்க முடியவில்லை அவளால். அப்பாவாக இருக்கட்டும், சாமி.

உள்ளே யாரோ இருமினார்கள்.

பீடி இருமல். ஒன்று, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் தொடர்ந்து இழுத்துக்கொண்டு போவது. பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சத்தத்தில்தான் தினமும் கண்விழித்தாள்.

டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் செண்பகத்தம்மாள் ஒரு தட்டில் பலகாரம் வைத்து, மேலே துணியை மூடிக்கொண்டு அந்த வாசலுக்குத்தான் வந்தாள். இவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை முகத்திலிருந்து புதுச் சேலைக்கு இறங்கியது. முந்தானையில் வைத்த மஞ்சளுக்கு இறங்கியது. டப்பாவில் வந்து நின்றது.

"ஆவணியில தாயி. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

தெருவின் கடைசியில் ஒரு சரம் வெடித்து முடிந்தது. முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"பலகாரமா?" என்றாள் செண்பகத்தம்மாள், டப்பாவைப் பார்த்து. "இந்த வருசம் இந்த வீட்டுக்கு வெளியாளுகதான் பலகாரம் கொடுக்கணும். வீட்டு ஆளுக செஞ்சு கொண்டு வரக் கூடாது." கொஞ்சம் யோசித்தாள். "நீ கொடுக்கலாமா என்னன்னு எனக்குத் தெரியல தாயி."

அவள் பேச்சில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது.

வெளியாள் என்றால் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுத் தெருமுனைக்கு நடந்து பைக்கில் ஏறிக்கொள்ளலாம். அப்பாவும் வாங்கிக்கொள்வார். ஊர் கொடுப்பதை அவர் வாங்கித்தானே ஆக வேண்டும்.

அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

தலையில் இருந்த பூவை எடுத்தாள். டப்பாவைப் பக்கத்து வீட்டுப் படியில் வைத்து, மூடியின் மேல் பூவை வைத்தாள்.

செருப்பைக் கழற்றினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. அவள் நிழல் உள்ளே விழுந்திருக்க வேண்டும்.

"யாரது, பலகாரமா?" இருமலுக்கு நடுவே அந்தக் குரல் கேட்டது. "அங்கனயே வச்சிட்டுப் போங்க."

அவள் படி ஏறினாள். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"பலகாரம் இல்லப்பா" என்றாள்.

உள்ளே இருமல் நின்றது.