கேட் என்ன கலர்?

"எங்க கடையில குன்றுக்காரங்க ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாரும் நல்ல தெருவுல இருக்கிறவங்க. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் முதலாளி பெருமையா சொல்லிக்குவார்."

எவரிஸ்டோ இதைச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த ஜாந்திராவைப் பார்த்தார்.

ஜாந்திரா தலையை ஆட்டினாள். பிறந்ததிலிருந்து அவள், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்கிற அந்தக் குன்றில்தான் இருக்கிறாள்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற கடை அது. ரெசிஃபி நகரத்திலேயே பெரியது. கேஷியர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஆள் எடுக்கிற மேனேஜர் எவரிஸ்டோ. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல ஒரு முகம்.

அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்து, பின்கோடை கம்ப்யூட்டரில் தட்டினார். அந்த நாட்டுப் பின்கோடு எட்டு எண். முன்னால் இருப்பவை மாநிலத்தையும் ஊரையும் சொல்லும். கடைசி மூன்றும் தெருவையே காட்டிக்கொடுத்துவிடும். தட்டி முடித்ததும் தெருப் பெயர் தானாகத் திரையில் வந்து நின்றது.

குன்றில் இருக்கிற படிக்கட்டுகளுக்கும் சந்துகளுக்கும் அப்படி எண் எதுவும் கிடையாது. தபால்காரர் மேலே ஏறுவதுமில்லை. குன்றுக்கு வருகிற தபாலெல்லாம் அடிவாரத்தில் கியோமார் அக்கா பேக்கரியில், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் கிடக்கும். காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் தங்களுடையதைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பேங்கோ, பள்ளிக்கூடமோ, யார் விலாசம் கேட்டாலும் பேக்கரியின் பின்கோடுதான். இந்த விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதியிருந்தாள்.

போன மாதம் ஒரு துணிக்கடையில் ஜாந்திரா உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். "கூப்பிடறோம்மா" என்றார்கள். இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கோ முழங்கால் போய்விட்டது, இனி வீட்டு வேலைக்குப் போக முடியாது. இந்த வேலையும் கைநழுவினால் அடுத்த மாதம் அடுப்பெரியாது.

"எத்தனை வருஷமா இந்தத் தெருவுல இருக்கீங்க?"

"சின்ன வயசுலேர்ந்து, சார்."

"வீட்டு கேட் என்ன கலர்?"

பேக்கரிக்கு ஏது கேட்? ஷட்டர்தான் உண்டு.

"ப... பச்சை."

"எதிர்ல என்ன இருக்கு?"

"மருந்துக்கடை சார்." இது உண்மை. கொஞ்சம் தெம்பு வந்தது.

"வீட்ல நாய் இருக்கா?"

"இல்ல சார்... இருக்கு."

"இருக்கா, இல்லையா?"

"பக்கத்து வீட்டு நாய் சார். சாப்பாடு மட்டும் எங்க வீட்ல."

எவரிஸ்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேலைக்கு எந்த பஸ்ல வருவீங்க?"

"மேலேர்ந்து வர்ற..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலேயிருந்து வருவது குன்று பஸ் ஒன்றுதான் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எவரிஸ்டோ எழுந்தார். வெளியே முதலாளி யாருக்கோ ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

போச்சு, என்று நினைத்தாள் ஜாந்திரா. அழுகை வந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டாள்.

"நானே போயிடறேன் சார், கத்தாதீங்க. விலாசம் பொய்தான். ஆனா கணக்கு நல்லா போடுவேன்னு எழுதினது பொய் இல்ல."

"உட்காரும்மா. யாரு கத்தினாங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல முதலாளி கூப்பிட்டு இதே கேள்வியைத்தான் கேட்பார். அங்கேயும் இப்படித் திருதிருன்னு முழிச்சா, உனக்கு வேலை கிடைக்காது, எனக்கு இருக்கிற வேலையும் போயிடும்."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவள் கவனிக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து விண்ணப்பத்தில் இருந்த பின்கோடை அழுத்தி அடித்தார்.

"கியோமார் பேக்கரி வேண்டாம். நம்ம கடை ஆளுங்க ஏழு பேர் ஏற்கெனவே அங்கதான் குடியிருக்காங்க. எட்டாவதா நீயும் போய்ச் சேர்ந்தா, அது என்ன வீடா சத்திரமான்னு முதலாளிக்கே சந்தேகம் வந்துடும்."

ஜாந்திரா கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தாள். பில் போடுகிற பெண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே? ரொட்டி வரிசையில். அவளுக்குப் பக்கத்தில் நின்றவனையும்தான்.

அடித்த இடத்துக்கு மேலே எவரிஸ்டோ வேறு எட்டு எண்களை எழுதினார். யோசிக்கவோ, எதையும் பார்த்து எழுதவோ இல்லை.

"இது யார் வீட்டு விலாசம் சார்?"

"என் வீடுதான்" என்றார் எவரிஸ்டோ. முதல் தடவையாகச் சிரித்தார். "கேட் நீலக் கலர். எதிர்ல பல் டாக்டர். நாய் பேரு பிபோக்கா. எங்கே, தடுமாறாம ஒரு தடவை சொல்லு, பார்ப்போம்."