வெறுந்தட்டில் ஒரு தடம்

அக்காவின் மார்பிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்களைத் தங்கை தன் ஆய்வகத்தில், புரதக் கூழ் பரப்பிய தட்டில் வளர்த்தாள். நொதி என்ற கத்தரிக்கோலால் கூழை வெட்டி வழி பண்ணிக்கொண்டுதான் அவை பரவும். அந்தக் கத்தரிக்கோலை மழுங்கடிக்கும் மருந்தைக் கண்டுபிடித்தே தீருவதென்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அன்று காலை, ஒப்பிட்டுப் பார்க்கச் செல்லே போடாமல் வைத்திருந்த தட்டிலும் ஒரு வெட்டுத் தடம் தெரிந்தது. அது அவள் நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"கை தவறி ஒரு செல் விழுந்திருக்கும்," என்றான் கூட வேலை செய்பவன்.

"தேடிட்டேன். ஒண்ணுகூட இல்ல."

"அப்ப எதுக்கும் நீ இடத்த மாத்தி உக்காரு," என்று சிரித்தான்.

மாற்றினாள். மறுநாள் தடமும் அவள் புது இடத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எங்க அக்காவப் படுத்துறது பத்தாதா? இப்ப நானா? வா, ஒரு கை பாத்துடலாம்," என்று தட்டிடம் சொல்லிவிட்டு, தடத்துக்கு முன்னால், தான் அதுவரை உருவாக்கியிருந்த மருந்தைச் சொட்டினாள்.

மறுநாள் தடம் மருந்தின் ஓரத்தோடு நின்றிருந்தது. அந்த நொதிக்குப் புரதத்தை மட்டும்தான் வெட்டத் தெரியும். ஆனால் தட்டின் பிளாஸ்டிக் விளிம்பில், அவள் உட்காரும் பக்கமாக, புதிதாக ஒரு வெட்டு இருந்தது.

அவள் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.