முதலில் யாரைக் கேட்பது

மேஜையில் தேநீர்க் கிண்ணங்கள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. பெரியவர் வாக்குத் தவறாமல் இன்று என்னை முதலில் கேட்க வேண்டும்.

கரண்டியால் அள்ளி உறிஞ்சி, நாக்கில் புரட்டி, தொட்டியில் துப்பிவிட்டு, இந்தத் தேயிலையை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதுதான் எங்கள் நால்வரின் வேலை. எனக்குப் பதினோரு வருடம். புதிதாக வந்தவளுக்கு நான்கே மாதம்.

ஆனால் எங்கள் தலைவர், அதாவது பெரியவர், தினமும் முதலில் கேட்பது அவளைத்தான். அதுவும் "நீங்க சொல்லுங்கம்மா" என்று அவ்வளவு பதவிசாக. கடைசியில்தான் நான். நான் வாய் திறப்பதற்குள் பேனா மூடியைத் திருக ஆரம்பித்துவிடுவார், இவன் எப்போதடா முடிப்பான் என்கிற மாதிரி.

அவள் தும்மினால்கூடச் சந்தோஷப்பட்டேன். சளி பிடித்தால் நாக்கு செத்துவிடும் அல்லவா?

நேற்று சாப்பிடும்போது என் மகள் பரீட்சைக்காக ஆங்கில வார்த்தைகளை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ப்ரெராகடிவ். தனி உரிமை, விசேஷ சலுகை.

"லத்தீன்லேர்ந்து வந்ததுப்பா. பழைய ரோம்ல ஓட்டுப் போடும்போது ஒரு கூட்டத்தை மட்டும் முதல்ல கேப்பாங்களாம். முதல்ல கேக்கறாங்கங்கறதே பெரிய விஷயமாம்."

ரோமாபுரிக்காரனுக்கே தெரிந்திருக்கிறது.

காலையில் முதல் வேலையாகப் பெரியவர் அறைக்குப் போனேன். பதினோரு வருடத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா, இனி என்னைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் சரி என்றார்.

இதோ, என் பக்கம் திரும்பிவிட்டார்.

உறிஞ்சினேன். துப்பினேன். வாங்கலாம் என்றேன். என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

அடுத்த இருவரும் அப்படியே வாங்கலாம் என்றார்கள். நேற்றுவரை ஆளுக்கொன்று சொன்னவர்கள்! ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன்.

அவள் நிதானமாகத் துப்பினாள். வேண்டாம் என்றாள். துப்பிய பிறகு நாக்கில் லேசாகப் புகை வாடை அடிக்கிறதாம்.

மறுபடி உறிஞ்சிப் பார்த்தேன். அடித்தது.

அதுவரை சட்டைப்பையில் கிடந்த பேனாவைப் பெரியவர் அப்போதுதான் எடுத்து, மூடியைத் திருகினார். பதிவேட்டில் 'வேண்டாம்' என்று எழுதினார்.

பதினோரு வருடத்தில் அந்தப் பதிவேட்டை இன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தேன். முந்தைய பக்கங்களில், ஒரு நாள் தவறாமல், நான் சொன்னது மட்டுமே இருந்தது.