அக்கரையில் ஒரு தேன் ஆலை

ஆற்றுக்கு அக்கரையிலும் ஒரு தேன் ஆலை வைத்துவிட வேண்டுமென்று ராணித் தேனீக்கு ஒரே துடிப்பு.

"சொந்தமா கட்டினா மழைக்காலம் வந்துடும், மகாராணி. உள்ளூர்க்காரனோட கூட்டு சேர்ந்தா தினம் சண்டை. ஓடுற ஆலையா ஒண்ணை வாங்கிப் போடுங்க" என்றது ஊர் சுற்றும் பட்டாம்பூச்சி.

ராணி போய்ப் பார்த்தது. புத்தம்புதுக் கூடு. உள்ளே மஞ்சள் கறுப்புச் சீருடையில் நூறு பேர். நம்ம சீருடையேதான்!

"பேரத்தை முடிச்சுடு!" என்றது பட்டாம்பூச்சியிடம்.

முதல் நாள் காலை ராணி கேட்டது: "தேன் எங்கேப்பா?"

"தேனா?" குளவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதாங்க. செஞ்சு காட்டட்டுமா?"

"காட்டுங்க, காட்டுங்க!"

வீங்கிய முகத்தோடு வீடு திரும்பிய ராணியைத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டன. "புது ஆலை எப்படி, மகாராணி?"

ஒற்றைக் கண்ணை மட்டும் திறக்க முடிந்த ராணி கம்பீரமாகச் சொன்னது: "ஆளுங்க பயங்கரச் சுறுசுறுப்பு!"