நனையக் கூடாத கூடாரம்

மனித நாகரிகத்தின் உச்சம் ஒரு நல்ல கூடாரம்தான் என்று ஏரிக்கரையில் தலைமை எழுத்தர் அறிவித்தார். பக்கத்தில் அவருடைய மச்சினன், துணி காயப்போடும் கயிற்றால் ஒரு பழைய தார்ப்பாயை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன மச்சான், லாரிக்கு மூடுறதை உருவிட்டு வந்துட்டியா? இதுக்கடியில மனுஷன் படுப்பானா?”

“படுக்கலாம் அத்தான். செலவே இல்ல.”

“நம்ம கூடாரத்தைப் பாரு! புயலே வந்தாலும் சொட்டு இறங்காது.” உடனே மகளிடம் திரும்பினார். “ஏய், செருப்போட உள்ள போகாதே! டீயை வெளியவே குடி!”

மாலையில் தூறல் விழுந்தது. அவர் பதறியடித்துக்கொண்டு கூடாரத்தைப் பிரித்து மடித்தார்.

“என்ன அத்தான், மழைக்குத்தானே கூடாரம்?”

அவர் அதைத் தூக்கிக்கொண்டு தார்ப்பாய்ப் பக்கம் ஓடினார். மகள்தான் சொன்னாள்.

“நனைஞ்சா கடையில திரும்ப எடுத்துக்க மாட்டாங்களாம் மாமா. அப்பா விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கல.”

மச்சினன் சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவன் நகர்ந்து இடம்விட்டான்.

தார்ப்பாய்க்கு அடியில் நடுவாக, ஈரம் படாத இடத்தில், கூடாரம் சொகுசாகப் படுத்திருந்தது. ஓரத்தில் பாதி நனைந்தபடி தலைமை எழுத்தர், அவிழ்ந்துபோன கயிற்றைத் தலைநிமிராமல் இழுத்துக் கட்டினார்.