பதினோரு மணிப் பசி

"மூணாவது தடவைம்மா இது! அப்பா போய் முழுசா ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள மூணு தடவை மயங்கி விழுந்திருக்க."

விஜயலட்சுமிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாகப்பட்டினத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஓடி வந்திருந்தாள். இந்த முறை பிரகதாம்பாள் விழுந்தது மாட்டுக்கொட்டகையில். நெற்றியில் நான்கு தையல்.

கிராம நர்ஸ் பர்வின், பிரசவ லீவு முடிந்து போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பிரகதாம்பாளின் விரல் நுனியில் குத்தி, ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்த்தாள்.

"அம்பத்தெட்டு. இப்பவும் சுகர் கம்மியாத்தான் இருக்கு. அக்கா, சீக்கிரம் சர்க்கரைத் தண்ணி கலந்துட்டு வாங்க."

பிரகதாம்பாள் அதை மருந்து மாதிரி முகம் சுளித்துக் குடித்தாள்.

"சுகர் மாத்திரை போடுறீங்களாம்மா?"

"அது தவறாது. காலைல எட்டு மணிக்கு டான்னு போட்டுடுவேன்."

"சாப்பாடு?"

"தோணுனப்ப சாப்பிடுறதுதான். நேத்து மத்தியானம் மூணு மணி ஆயிடுச்சு."

பர்வின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாத்திரையைப் போட்டுட்டு வயித்தைக் காயப்போட்டா சுகர் இறங்கத்தானேம்மா செய்யும்? மாத்திரை அளவை டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுக்கலாம். ஆனா ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை கொஞ்சமாவது சாப்பிட்டே ஆகணும். தூக்கத்துல இப்படி இறங்குச்சுன்னா எழுந்திருக்கவே மாட்டீங்க."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை அடுப்படிக்கு ஓடுனதெல்லாம் அந்த மனுஷனோட போச்சு. இப்பத்தான் கொஞ்சம் உக்காந்திருக்கேன். விட்டுடு தாயி."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் கணவர் துரைக்கண்ணுவுக்கு ஊர் வைத்திருந்த பெயர் சாப்பாட்டு ராமன். வயலில் நடவு நடந்துகொண்டிருக்கும். மனிதர் பதினோரு மணிக்கு வரப்போடு வரப்பாக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். தட்டில் சுண்டல் தயாராக இருக்க வேண்டும். ஒரு மணிக்குச் சோறு. நாலு மணிக்கு அவித்த கடலை. ராத்திரி தோசை. படுக்கும் முன் பால். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். நடவுப் பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். இத்தனை தின்றும் அவர் உடம்பில் சதையே ஒட்டவில்லை என்பதுதான் வேடிக்கை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றாள் விஜயலட்சுமி. "அப்பா இருந்தப்பவும் நீ நேரத்துக்குத் தட்டு எடுத்துவச்சு சாப்பிட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. அவர் சாப்பிடாம உனக்குத் தண்ணிகூட இறங்காது. மூணு வருஷம் முன்னாடி ஒருதடவை விழுந்த. அதுக்கப்புறம் ஒருநாள்கூட விழலையே. இப்ப மட்டும் ஏன்?"

"விதி. வேற என்ன?"

"வாயேன் என்கூட. ரெண்டு மாசம் இருந்துட்டு வா."

"மாட்டை யார் பாக்குறது?"

பிரகதாம்பாள் மாலை போட்ட போட்டோவைப் பார்த்தபடி தானாகவே ஆரம்பித்தாள். துக்கத்தைவிட அவள் குரலில் வலிதான் அதிகம் இருந்தது.

"நாலு வேளைக்கு அஞ்சு வேளை கேட்டாரே, கேட்டதை ஒழுங்காத் தின்னாரா? ரெண்டு வாய் வைப்பாரு. உப்பு இல்லம்பாரு. வேகலம்பாரு. தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவாரு. பாலைப் பாதி குடிச்சுட்டு, ஆடை மிதக்குதுன்னு வச்சிடுவாரு. நெல்லு விளையுற வீட்டுல சாப்பாட்டைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்ட முடியுமா? நான்தான் முணுமுணுத்துக்கிட்டே தின்னு தீர்ப்பேன்."

"அம்மா, போனவரைப் போய்..."

"சொன்னா என்ன? நாப்பது வருஷம் என் கையால தின்னவரு, கடைசி மூணு வருஷமும் என் சமையலைக் கரிச்சுக் கொட்டியே கண்ணை மூடிட்டாரு. பதினாறாம் நாள் படையலுக்கு, அவருக்குப் பிடிச்சதெல்லாம் செஞ்சு வைன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. என் கையால செஞ்சதுல எதுதான் அவருக்குப் பிடிச்சுது?"

பிரகதாம்பாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

பர்வின் மெஷினைப் பையில் வைக்கப் போனவள், அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு ஐயா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. இனிமே என்ன இருக்கு? மூணு வருஷம் முன்னாடி நீங்க விழுந்தீங்கல்ல, மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. 'தனக்குன்னு ஒருவாய் எடுத்துச் சாப்பிட மாட்டா, பாப்பா. சொன்னா வீம்பு பண்ணுவா. ஆனா என் தட்டுல மிச்சம் கிடந்தா கொட்ட மனசு வராது அவளுக்கு. எத்தனை மணிக்கு என்னென்ன மிச்சம் வைக்கணும்னு எழுதிக் குடு'ன்னாரு."

பிரகதாம்பாள் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"அப்புறம் மாசாமாசம் வருவாரு. வந்தா ஒரே புலம்பல்தான்மா. 'இவ கைப்பக்குவத்துக்கு முன்னாடி உக்காந்துட்டு, ரெண்டு வாயோட எழுந்திரிக்கிறது இருக்கே பாப்பா, அதைவிடக் கொடுமை உலகத்துல எதுவும் கிடையாது'ம்பாரு."